மூடாத பேரேடு

இணையத்தில் ரயில் சீட்டு எடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு சங்கதி தெரிந்திருக்கும். இரவு 11.45 மணி ஆனதும் ஐ.ஆர்.சி.டி.சி. தளம் முன்பதிவை நிறுத்திவிடும். மறுபடியும் அது சீட்டு வழங்கத் தொடங்குவது 12.20 மணிக்குத்தான். பராமரிப்பு நேரம் என்று அறிவிப்பு சொல்லும். அந்த வேளையிலேயே, அதே கைபேசியைக் கொண்டு, திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்து டீக்கடையில் யு.பி.ஐ. மூலம் 15 ரூபாய் கொடுத்தால், பணம் வந்த செய்தியைக் கடைக்காரரின் ஒலிபெருக்கி உடனே உரக்கச் சொல்கிறது. இரண்டிடத்திலும் வேலை செய்வது கணிப்பொறிதான். எது யாருக்குச் சேர்ந்தது என்ற கணக்கைப் பதிந்து வைப்பதே இரண்டிடத்திலும் அதன் தொழில். அப்படியிருக்க, ஒன்று நாள்தோறும் 35 நிமிஷம் கதவடைத்துக்கொள்ள, மற்றொன்று மட்டும் நள்ளிரவிலும் விழித்திருப்பானேன்?

நாளுக்கு 35 நிமிஷம் என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 213 மணி நேரமாகிறது. இவ்வளவு நேரம் மூடிக் கிடந்தும் பயணிகள் அதைப் பெரிதாகப் பாராட்டுவதில்லை என்றால், அந்த நிறுத்தம் முன்னதாகவே அறிவிக்கப்பட்டது என்பதும், அந்த அரைமணியில் சீட்டு எடுக்காததால் யாருக்கும் குடி முழுகிப் போவதில்லை என்பதுமே காரணம். ஆனால் காலை 10 மணிக்குத் தத்கால் திறக்கும் சமயத்தில் அதே தளம் பத்தே நிமிஷம் ஸ்தம்பித்து நின்றால் நாடெங்கும் கூக்குரல் எழுகிறது. ஆகவே ஒரு தரவுத்தளம் எத்தனை நேரம் நின்றது என்பதைக் காட்டிலும், சொல்லிவிட்டு நின்றதா, சொல்லாமல் நின்றதா என்பதே மக்களுக்கு முக்கியமாகப் படுகிறது. வங்கி, மருத்துவமனை, பங்குச்சந்தை போன்ற பெரிய ஸ்தாபனங்களுக்கோ, சொல்லிவிட்டு நிற்கும் சலுகையும் வரவர இல்லாமற் போய்விட்டது. எந்நேரமும் திறந்திருக்கும் இந்தக் குணத்தை அத்துறையினர் ஹை அவைலபிலிட்டி என்பார்கள். நாம் இடையறாமை என்று சொல்வோம்.

இடையறாமையை அளக்க அவர்கள் ஒன்பதுகளை எண்ணுகிறார்கள். நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் திறந்திருந்தால் அது மூன்று ஒன்பது. ஆண்டுக்கு ஏறக்குறைய எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம். நான்கு ஒன்பதுக்கு 53 நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. ஐந்து ஒன்பது என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டால், ஆண்டு முழுவதற்குமாகச் சேர்த்து ஐந்தே கால் நிமிஷந்தான். நள்ளிரவில் கோளாறு நேர்ந்து, எச்சரிக்கை மணி ஒலித்து, பொறுப்பிலுள்ள பொறியாளர் கண் விழித்து, மடிக்கணினியைத் திறந்து, என்ன நடந்தது என்று பார்ப்பதற்குள் அந்த ஐந்து நிமிஷம் தீர்ந்துவிடும். எனவே ஒன்பதுகள் ஏற ஏற, தீர்மானம் செய்யும் அதிகாரத்தை மனிதரிடமிருந்து எடுத்து யந்திரத்திடமே ஒப்படைக்க நேரிடுகிறது. இத்துறையின் உண்மையான சங்கடம் இங்கேதான் உற்பத்தியாகிறது என்பது என் அபிப்பிராயம். யந்திரம் கெட்டுப்போவது பழைய விஷயம். கெட்டுப்போனது எது என்று யார், எதை நம்பித் தீர்மானிப்பது என்பதே கடினமான கேள்வி.

கெட்ட யந்திரத்துக்குப் பதில் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். கெட்ட ஞாபகத்துக்குப் பதில் வாங்க முடியாது. தரவுத்தளத்தின் சாரம் அதன் ஞாபகம். அந்த ஞாபகத்தைக் காக்கும் உபாயத்தை விளங்கிக்கொள்ள, தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு நெல் மண்டியை மனத்தில் வைத்துக்கொள்வோம். அங்கே கணக்குப்பிள்ளையிடம் இரண்டு புத்தகங்கள் இருக்கும். ஒன்று சிட்டை, இன்னார், இத்தனை மூட்டை, இத்தனை ரூபாய் என்று வியாபாரம் நடக்க நடக்க ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு போவது. மற்றொன்று பேரேடு, ஒவ்வோர் ஆசாமிக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கி, வரவும் பற்றும் இருப்பும் காட்டுவது. பேரேட்டில் பக்கம் தேடிப் பதிவதற்கு நேரமாகும். சிட்டையில் ஒரு வரி எழுத நேரமாகாது. அதனால் அனுபவசாலியான கணக்குப்பிள்ளை, சிட்டையில் வரி ஏறாமல் பேரேட்டைத் தொடுவதில்லை. பதிந்துகொண்டிருக்கும்போதே அவர் மயங்கி விழுந்தாலும், அடுத்து வருபவர் சிட்டையைப் பிரித்துப் பார்த்து, எந்த வரி வரையில் பேரேட்டுக்குப் போயிற்று, எது போகவில்லை என்று கண்டுகொள்ளலாம்.

இன்றைய தரவுத்தளங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இந்த ஒழுங்கையே அனுசரிக்கின்றன. மாற்றத்தை முதலில் குறிப்பேட்டில் எழுது. அந்த வரி, மின்சாரம் போனாலும் அழியாத வட்டில் பதிந்துவிட்டது என்று உறுதியான பிறகே வாடிக்கையாளரிடம் "ஆயிற்று" என்று சொல். அதற்குரிய அசல் பக்கத்தைச் சாவகாசமாகத் திருத்து. இதை முன்குறிப்பு முறை எனலாம். இம்முறையை முழுமையான சாஸ்திரமாக வகுத்தவர்களுள் முதன்மையானவர் சி. மோகன். சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்து, பின்னர் அமெரிக்கா சென்று கணிப்பொறித் துறைக்கு மாறி, கலிபோர்னியாவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆல்மடன் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த அவரும் அவருடைய சகாக்களும் 1992-இல் வெளியிட்ட ஏரீஸ் என்ற முறை, அதன்பின் வந்த தரவுத்தளங்களுக்கு இலக்கணம் போல் ஆயிற்று.

ஏரீஸின் நுட்பம் சற்று நின்று பார்க்கத் தக்கது. யந்திரம் விழுந்து எழுந்ததும் என்ன செய்ய வேண்டும்? முடிந்த காரியங்களை மட்டும் திரும்பச் செய்து, முடியாதவற்றை விட்டுவிடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். மோகனின் முறை அப்படிச் செய்வதில்லை. முதலில் அது குறிப்பேட்டைப் படித்து, விழுந்த க்ஷணத்தில் எவையெவை பாதியில் நின்றன என்று கணக்கெடுக்கிறது. இரண்டாவதாக, முடிந்தது முடியாதது என்ற பேதமின்றி, எழுதப்பட்டிருப்பவை அனைத்தையும் வரிசை பிறழாமல் திரும்ப நடத்தி, விழுந்தபோது இருந்த நிலையையே மறுபடி சிருஷ்டித்துக்கொள்கிறது. அதன் பிறகுதான், பாதியில் நின்றவற்றைப் பின்னிருந்து முன்னாக ஒவ்வொன்றாய் ரத்து செய்கிறது. அந்த ரத்துகளையும் குறிப்பேட்டில் எழுதுகிறது. இதனால் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. மீட்சி நடந்துகொண்டிருக்கையிலேயே யந்திரம் மறுபடி விழுந்தாலும், மூன்றாம் முறை விழுந்தாலும், ரத்து செய்ததையே திரும்ப ரத்து செய்யும் குழப்பம் நேராது. ராமசாமியின் கணக்கிலிருந்து கழித்த 5,000 ரூபாய் அப்துல் காதரின் கணக்கில் ஏறுமுன் மின்சாரம் நின்றிருந்தால், அந்தக் கழிவு ரத்தாகி ராமசாமிக்கே திரும்பும். இருவரில் எவருக்கும் இல்லாமல் பணம் அந்தரத்தில் போகாது.

ஒரே யந்திரம் விழுந்து எழுவதற்கு இது போதும். யந்திரம் எழவே எழாது போனால்? கட்டடத்துக்குள் வெள்ளம் புகுந்தால்? அதற்கு வேறோர் ஊரில் பிரதி வேண்டும். பிரதி என்றதும் பேரேடு முழுவதையும் அடிக்கடி நகலெடுப்பது என்று நினைக்க வேண்டியதில்லை. சிட்டையின் வரிகளை மட்டும் எழுத எழுத அனுப்பினால் போதும். நம் மண்டிக்காரர் கும்பகோணத்தில் இரண்டாவது கணக்குப்பிள்ளை ஒருவரை உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் தொலைபேசியில் சொல்லிவர, அவர் தம்மிடமுள்ள பேரேட்டில் அவற்றை ஏற்றிக்கொண்டே வருவார். இரண்டு பேரேடுகளும் ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே வரிகளை, ஒரே வரிசையில் ஏற்றுக்கொண்டால், என்றும் ஒன்றாகவே இருக்கும் அல்லவா? ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் முதலியவற்றில் பெயர்களும் விவரங்களும் மாறினாலும் தத்துவம் இதுதான்.

இங்கே ஒரு தேர்வு குறுக்கிடுகிறது. தஞ்சாவூர்க்காரர் வரியை எழுதியதும், கும்பகோணத்திலிருந்து "எழுதிக்கொண்டேன்" என்ற பதில் வரும்வரை வாடிக்கையாளரை நிறுத்திவைப்பதா, அல்லது உடனே அனுப்பிவிட்டு, வரியைப் பின்னால் சொல்லிக்கொள்வதா? முன்னதை உடன்பிரதி என்றும் பின்னதைப் பின்பிரதி என்றும் சொல்லலாம். உடன்பிரதியில் ஒரு வரிகூடத் தவறாது. ஆனால் ஒவ்வொரு வியாபாரமும் தாமதப்படும், தொலைபேசி அறுந்தால் வியாபாரமே நின்றுபோகும். பின்பிரதியில் வேகம் உண்டு. ஆனால் தஞ்சாவூர் திடீரென்று எரிந்துபோனால், சொல்லாமல் விட்ட கடைசிச் சில வரிகள் அதோடு போய்விடும்.

தாமதம் என்பது யந்திரத்தின் சோம்பலால் வருவதாயின் விலையுயர்ந்த யந்திரம் வாங்கித் தீர்த்துவிடலாம். அதுவோ இயற்கை விதித்த வரம்பு. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. மும்பைக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். போய்த் திரும்ப 2,000. ஆகவே, இழை வளையாமல் சென்றாலுங்கூட, ஒரு "எழுதிக்கொண்டேன்" வந்து சேர வினாடியில் நூறில் ஒரு பங்கு கழிந்தே தீரும். நமக்கு அது கண்ணிமைப்பினும் சிறிது. ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரமாயிரம் பதிவுகள் காத்துநிற்கும் தரவுத்தளத்துக்கு அது பெருந்தடை. இதனாலேயே பெரிய ஸ்தாபனங்கள் மூன்று இடங்களில் பேரேடு வைக்கின்றன: முதன்மை நிலையம்; சில கிலோமீட்டர் தொலைவில், ஒரு வரியும் தவறாத உடன்பிரதி; வேறொரு நிலப்பகுதியில், புயலோ பூகம்பமோ இரண்டையும் ஒருசேரத் தாக்க முடியாத தூரத்தில், சில வினாடிகள் பின்தங்கி வரும் பின்பிரதி. கடைசியிலுள்ளதை நம் வங்கிகளில் டிஆர் சைட் என்பார்கள்.

இனித்தான் சிக்கலான கட்டம். முதன்மை நிலையம் இறந்துவிட்டது என்று பிரதிக்கு எப்படித் தெரியும்? முதன்மை ஒவ்வொரு வினாடியும் "இருக்கிறேன்" என்று ஒரு சிறு சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். அதை இதயத்துடிப்பு என்றே சொல்கிறார்கள். துடிப்பு நின்றால் மரணம் என்று கொள்ளலாமா? கும்பகோணத்துக் கணக்குப்பிள்ளைக்குத் தஞ்சாவூரிலிருந்து அரைமணியாகப் பேச்சே இல்லை என்றால், அவர் இறந்திருக்கலாம், தூங்கியிருக்கலாம், கூட்டம் மிகுந்து பேச நேரமில்லாதிருக்கலாம், இருவருக்கும் இடையே கம்பி மட்டும் அறுந்திருக்கலாம். மௌனம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்நான்கையும் பிரித்தறிய வழியில்லை. செய்தி வந்துசேர இவ்வளவு நேரந்தான் ஆகும் என்ற உறுதி இல்லாத உலகில், ஒரே ஒரு யந்திரம் செயலிழக்கக்கூடும் என்றாலும்கூட, எல்லா யந்திரங்களும் எப்போதும் ஒரு முடிவுக்கு வந்தே தீரும் என்று உத்தரவாதம் தரும் திட்டவட்டமான முறை எதுவும் இருக்க முடியாது என்று, 1985-இல் பிஷர், லின்ச், பேட்டர்சன் என்னும் மூவர் கணிதமுறையில் நிரூபித்தார்கள். எனவே நடைமுறையில் செய்யக்கூடியது, ஒரு காலக்கெடு வைத்துக்கொண்டு, அது தாண்டினால் இறந்ததாகப் பாவிப்பதுதான். கெடுவைக் குறைத்தால் உயிரோடிருப்பவரைப் பிணமென்று அறிவிக்கும் அபாயம். கூட்டினால் ஐந்தே கால் நிமிஷம் கரைந்துபோகும் அபாயம்.

உயிரோடிருப்பவரை இறந்தவர் என்று கொண்டால் விளைவு விபரீதமானது. கம்பி மட்டும் அறுந்திருக்கிறது. கும்பகோணத்தார் தாமே இனி முதல்வர் என்று எண்ணிக் கணக்கைத் திறக்கிறார். தஞ்சாவூர்க்காரரும் வழக்கம்போல் விற்றுக்கொண்டிருக்கிறார். ஒரே நெல் மூட்டை இரண்டு பேருக்கு விலையாகிறது. கம்பி மறுபடி ஒட்டும்போது, இரண்டும் நேர்மையாக எழுதப்பட்ட, இரண்டும் ஒன்றுக்கொன்று முரணான இரு பேரேடுகள் நம் கையில் இருக்கும். இதற்கு இரட்டைத் தலைமை என்று பெயர் வைக்கலாம். சில மணி நேரம் மூடிக் கிடந்த தரவுத்தளத்தின் நஷ்டத்தைக் கணக்கிட்டுவிடலாம். இரண்டு உண்மைகளோடு ஓடிய தரவுத்தளத்தின் நஷ்டத்தை மாதக்கணக்கில் உட்கார்ந்து தேட வேண்டியிருக்கும்.

இதற்குப் பரிகாரம் மூன்றாவது நபர். மூன்று இடங்களில் மூவர் இருந்து, இருவர் ஒப்பினாலன்றி எவரும் தலைவரில்லை என்று விதித்துவிட்டால், கம்பி எங்கே அறுந்தாலும் ஒரு பக்கத்தில்தான் இருவர் இருக்க முடியும். மற்றப் பக்கத்தில் தனித்து நிற்பவர், தாம் ஆரோக்கியமாக இருந்தாலும், எழுதுகோலைக் கீழே வைத்துவிட வேண்டும். ஐவர் என்றால் மூவர். எந்த இரண்டு பெரும்பான்மைகளை எடுத்தாலும் அவற்றுக்குப் பொதுவான ஒருவராவது இருப்பார் என்ற எளிய எண்கணித உண்மையே இதன் அஸ்திவாரம். அந்தப் பொதுவானவர், முந்தைய தலைவர் காலத்தில் எது தீர்மானமாயிற்று என்பதைப் புதிய தலைவருக்குச் சாட்சி சொல்வார். இவ்வழியை ஐயத்துக்கிடமின்றி வகுத்தவர் லெஸ்லி லாம்போர்ட். பாக்ஸோஸ் என்ற கிரேக்கத் தீவின் கற்பனைப் பாராளுமன்றம் ஒன்றைப் பற்றிய கதையாக அவர் எழுதி 1990-இல் அனுப்பிய ஆய்வுரை, 1998-இல்தான் அச்சேறியது. 2014-இல் டியேகோ ஆங்காரோவும் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும், புரிந்துகொள்ள எளிதாயிருக்க வேண்டும் என்பதையே நோக்கமாகக் கொண்டு ராஃப்ட் என்ற மாற்று முறையை வகுத்தார்கள். இன்று நாம் பயன்படுத்தும் பல சேவைகளின் அடியில் இவ்விரண்டில் ஒன்றோ, இவற்றின் உறவோ இயங்குகிறது.

பெரும்பான்மை விதி ஒன்றே எல்லாத் துன்பத்தையும் தீர்த்துவிடும் என்று எண்ணியவர்களுக்கு, 2018 அக்டோபர் 21-ஆம் தேதி நிகழ்ந்த ஒரு சம்பவம் மறக்க முடியாத பாடமாயிற்று. உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் நிறுவனத்தில், பழுதான ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றும் வழக்கமான வேலை நடந்தபோது, அமெரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள அதன் முதன்மைத் தரவு மையத்துக்கும் வலைப்பின்னலுக்கும் இடையே தொடர்பு அறுந்தது. அறுந்திருந்தது மொத்தம் 43 வினாடி. அதன் விளைவுகளைச் சரிசெய்து முடிக்கப் பிடித்த நேரம் 24 மணி 11 நிமிஷம். என்ன நடந்தது என்பதை அந்நிறுவனமே சில நாட்களில் விரிவாகப் பிரசுரித்தது.

அந்த 43 வினாடிக்குள், தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலிருந்த ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருளின் அங்கங்கள், ராஃப்ட் விதிப்படி, மேற்குக் கரையிலும் வேறோரிடத்திலுமாகப் பெரும்பான்மை சேர்ந்து, மேற்குக் கரைத் தரவுத்தளங்களைத் தலைமைக்கு உயர்த்தின. விதி மீறப்படவில்லை, யந்திரம் தனக்குக் கற்பித்ததைப் பிசகின்றிச் செய்தது. ஆனால் கிழக்கே கடைசிச் சில வினாடிகளில் எழுதப்பட்டவை மேற்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை. வேலை மிகுந்த ஒரு தொகுதியில் மட்டும் அப்படி 954 பதிவுகள் தங்கிப்போயின. தொடர்பு திரும்பியதும் பயனர்களின் புதிய பதிவுகள் மேற்கே குவியத் தொடங்கின. மனிதர்கள் நிலைமையைப் புரிந்துகொள்வதற்குள் 40 நிமிஷத்துப் பதிவுகள் அங்கே சேர்ந்துவிட்டன. கிழக்கில் இருப்பது மேற்கில் இல்லை. மேற்கில் இருப்பது கிழக்கில் இல்லை. பழைய தலைமைக்குத் திரும்பினால் 40 நிமிஷம் போகும். மேற்கிலேயே இருக்கலாம் என்றாலோ, கிழக்கிலிருக்கும் மென்பொருள்கள் ஒவ்வொரு வரிக்கும் கண்டத்தைக் குறுக்கே கடந்து மீள வேண்டியிருந்ததால் தளமே தள்ளாடியது.

அப்போது அந்தப் பொறியாளர்கள் எடுத்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். தளம் சீக்கிரம் சுகப்படுவதைக் காட்டிலும் பயனர்களின் ஒரு பதிவும் சிதையாதிருப்பதே பெரிது என்று கொண்டு, சில சேவைகளைத் தாங்களாகவே நிறுத்தினார்கள். பேக்கப் எனப்படும், பல டெராபைட் அளவுள்ள சேமப்படிகளை மணிக்கணக்காக இறக்கிக் கிழக்கை மீண்டும் கட்டினார்கள். மேற்கோடு அது சமமாகும்வரை காத்திருந்து, பிறகே தலைமையைத் திருப்பினார்கள். அதன்பின் செய்த திருத்தங்களுள் முதலாவது, ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தலைமையைத் தானாக மாற்றும் உரிமையை யந்திரத்திடமிருந்து எடுத்துவிட்டதுதான். ஒரே கட்டடத்துக்குள் யந்திரம் தீர்மானிக்கலாம்; கண்டத்தைத் தாண்டுவதாயின் மனிதர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மனிதரிடம் விட்டால் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. கணிப்பொறிகள் எதனால் நிற்கின்றன என்பதை ஊகித்துக்கொண்டிருந்த காலத்தில், புத்தகம் புத்தகமாகக் கோளாறு அறிக்கைகளை எடுத்துவைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தவர் ஜிம் கிரே. நிற்காத கணிப்பொறி என்பதையே வியாபாரப் பெயராகக் கொண்ட டேண்டம் நிறுவனத்தில் அவர் இருந்தபோது, 2,000-க்கும் மேற்பட்ட பொறியமைப்புகளில் ஏழு மாதங்களில் நேர்ந்த தடைகளை ஆராய்ந்து 1985-இல் ஓர் அறிக்கை எழுதினார். வன்பொருளால் விளைந்தவை நூற்றுக்கு 18. மென்பொருளால் 25. நிர்வகிப்பவர்களின் கைப்பிசகு, பராமரிப்பு, அமைப்பு மாற்றம் ஆகியவற்றால் விளைந்தவை 42. இரட்டை இரட்டையாக யந்திரம் வைத்து வன்பொருள் கோளாற்றை அடக்கிவிட்ட இடத்தில், மிஞ்சி நின்றது மனிதக் கையும் மனிதர் எழுதிய நிரலும். மென்பொருள் பிழைகளிலும் பெரும்பாலானவை மறுபடி முயன்றால் மறைந்துவிடும் தன்மையன என்று அவர் கண்டார். நேரமும் நெரிசலும் சேர்ந்த ஏதோ ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் தலைகாட்டும் அவற்றை ஹைசன்பக் என்று அழைத்தார். அதே நிரலை ஓட்டும் இரண்டாவது யந்திரம், அதே பிழையைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருந்தும், பெரும்பாலும் தப்பித்துக்கொள்வதன் ரகசியம் அதுவே.

மனிதக் கையின் வலிமையைக் காண 2017 ஜனவரி 31-ஆம் தேதி இரவை எடுத்துக்கொள்ளலாம். கிட்லேப் என்ற நிறுவனத்தில் பின்பிரதி வேலைசெய்யாமல் நின்றுபோயிருந்தது. அதைச் சரிசெய்யப் போராடிக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், பிரதியின் கோப்புறையை அழிப்பதாக எண்ணிக் கொடுத்த கட்டளை, முதன்மை யந்திரத்தில் ஓடிவிட்டது. ஓரிரு வினாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் 300 ஜிபி அளவிலிருந்த தரவில் சுமார் 4.5 ஜிபி மட்டும் எஞ்சியது. சேமப்படிகளைத் தேடிப் போனால், நாள்தோறும் எடுக்கப்படுவதாக எல்லோரும் நம்பியிருந்த படி, பதிப்பு ஒவ்வாமையால் எடுக்கப்படாமலே இருந்தது. அந்தத் தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டு வந்தன. வேறு காரியத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகலே இறுதியில் கைகொடுத்தது. பிரதி வேறு, சேமப்படி வேறு என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. நன்றாக இயங்கும் பிரதி, தவறான அழிப்பையும் அதே விசுவாசத்தோடு அடுத்த வினாடியே தன்னிடமும் செய்துகொள்ளும். சேமப்படி மட்டுமே நேற்றைய நிலையைக் கொடுக்கும். அந்தச் சேமப்படியும், ஒருமுறையாவது அதிலிருந்து மீட்டுப் பார்த்த பிறகே சேமப்படி என்ற பெயருக்கு உரியதாகிறது.

நம் நாட்டிலும் இதற்கொப்பான பாடம் ஒன்று பகிரங்கமாக நிகழ்ந்தது. 2021 பிப்ரவரி 24-ஆம் தேதி முற்பகல் 11.40 மணிக்குத் தேசியப் பங்குச்சந்தை வர்த்தகத்தை நிறுத்தியது; மீண்டும் தொடங்கியது பிற்பகல் 3.45-க்கு. வாங்கல் விற்றலைப் பொருத்தும் யந்திரங்களுக்கு அன்று ஒன்றும் நேரவில்லை. முதன்மை நிலையத்துக்கும் அருகிலிருந்த உடன்பிரதிக்கும் இடையே இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள் தடுமாறின. வழியில் நடந்த சாலைத் தோண்டலே காரணமென்று பின்னர் கூறப்பட்டது. இணைப்பு போனால் முதன்மை நிலையம் தனித்து நடக்க வேண்டும் என்பதே வடிவமைப்பு. அதற்கு மாறாக, தரவைச் சேமிக்கும் வட்டுத் தொகுதி முதன்மை நிலையத்திலேயே எட்டாததாகி, அதை நம்பியிருந்த இடர்க் கண்காணிப்பு அமைப்பு நின்றது. யார் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று பார்க்க முடியாமல் சந்தையை நடத்துவது தகாது என்று நிறுத்திவிட்டார்கள். காப்பதற்காக அமைத்த பிரதியே, அதோடு கட்டிய கயிற்றின் வழியாக மூலத்தைக் கீழே இழுத்த விந்தை இது.

சென்னையில் ஒரு மாற்று நிலையம் இருக்க, அதற்கு ஏன் மாறவில்லை என்று ஒழுங்குமுறை அமைப்பான செபி விளக்கம் கேட்டது. மாறுவதா வேண்டாமா என்ற தயக்கம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. இணைப்பு இன்னும் சிறிது நேரத்தில் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை ஒருபுறம். மாறினால் கடைசி வரிகள் தங்கிப்போகுமோ என்ற அச்சம் மறுபுறம். இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று யோசிக்கையில் மணி ஓடிவிடுகிறது. அவ்வாண்டு மார்ச் 22-ஆம் தேதி செபி பிறப்பித்த சுற்றறிக்கை, யந்திரங்களுக்குக் கெடு விதித்ததோடு யோசனைக்கும் கெடு விதித்தது. முக்கிய அமைப்பு எது தடைப்பட்டாலும் 30 நிமிஷத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவித்தாக வேண்டும். அறிவித்தபின் 45 நிமிஷத்துக்குள் மாற்று நிலையத்துக்கு மாறியிருக்க வேண்டும். இதயத்துடிப்புக்குக் காலக்கெடு வைத்த அதே தர்க்கத்தை மனிதர் கூடிப் பேசும் அறைக்குள்ளும் கொண்டுவந்த அந்த ஏற்பாடு, மிகவும் புத்திசாலித்தனமானது என்று எனக்குப் படுகிறது.

ஆனாலும், ஒருநாளும் ஏறிப் பார்க்காத மாற்று நிலையத்தை ஆபத்து வேளையில் நம்பி ஏற யாருக்குத் துணிவு வரும்? போலிப் பதிவுகளை வைத்து ஒத்திகை பார்க்கலாம், பார்த்தும் வந்தார்கள். போலிப் பதிவுகளில் எவருடைய பணமும் இல்லாததால், ஒரு வரி குறைந்தாலும் அதைத் தேடிக்கொண்டு வருபவர் இல்லை. எனவே 2024 மார்ச் 2, மே 18 ஆகிய இரு சனிக்கிழமைகளில், விடுமுறை நாளென்றும் பாராமல் சந்தையைத் திறந்து, அசல் பணத்தோடு அசல் வர்த்தகத்தையே நடத்திப் பார்த்தார்கள். பங்கு விலைகள் 5 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாதென்று வரம்பு கட்டிக்கொண்டு, காலையில் சிறிது நேரம் முதன்மை நிலையத்திலிருந்து சந்தை நடந்தது. பிறகு இடைவேளை விட்டு, தலைமையை மாற்று நிலையத்துக்கு மாற்றி, தரகர்களின் இணைப்புகளும் அங்கே திரும்ப, அதே நாளின் இரண்டாம் பகுதி அங்கிருந்து நடந்தது. காலையில் முதன்மை நிலையத்தின் பேரேட்டில் ஒரு பங்கை வாங்கியவர், இடைவேளைக்குப் பின் அதை விற்க முற்பட்டால், அந்தப் பங்கு தமக்குச் சொந்தம் என்று மாற்று நிலையத்தின் பேரேடு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.